கலைக்கும் கையும் அழைக்கும் கையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், கொல்லிமலைத் தேவனூர் நாட்டில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வருகிறவர், குளிர்காற்றுக்கு அடுத்தபடியாக வியப்பது இங்குள்ள பெயர்களைக் கண்டுதான். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று பதினான்கு நாடுகள் இம்மலையில் உள்ளன. சமவெளிக்காரருக்கு நாடு என்றால் இந்தியா, இலங்கை, சீனம் போன்றதொரு பெரும்பரப்பு. கொல்லிமலையிலோ சிற்றூர்கள் சில சேர்ந்தால் அது ஒரு நாடு. இது பழைய வழக்கு. ஊர்கள் பல சேர்ந்தது நாடு என்பதும், அதன் பொதுக் காரியங்களைக் கூடிப் பேசி முடித்தவர்கள் நாட்டார் என்பதும் சோழர் காலக் கல்வெட்டுகளால் அறியப்படும் செய்தி. சமவெளியில் நிருவாகப் பெயராக மறைந்துபோன ஒரு சொல், மலைமேல் ஊராட்சியின் பெயராக இன்றும் உயிரோடு இருக்கிறது.

நாடாளுமன்றம் என்னும் சொல்லுக்குள் இருப்பதும் இதே நாடுதான். அந்த மன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் யாருடையது, யார் சொல்லி அது செலுத்தப்படுகிறது, செலுத்தியபின் யார்மீது என்ன கடமை விழுகிறது என்பதே இவ்வுரையின் பொருள். இலக்கிய வட்டத்துக்கு அரசியல் சட்டம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அரசியல் சட்டமும் சொற்களால் ஆனதுதான். ஒரு வினைச்சொல்லுக்கு எழுவாய் எது என்று தெரியாமல் நாடுகள் தடுமாறிய கதைகள் அதில் உண்டு. எழுவாயைத் தேடத் தெரிந்தவர்கள் கூடியிருக்கும் அவையில் அக்கதைகளைச் சொல்வது பொருத்தமே.

கலைதலும் கலைத்தலும்

கலைதல் தன்வினை, கலைத்தல் பிறவினை. பொழுது சாய்ந்ததும் சந்தை கலைகிறது. தேனெடுப்பவர் புகை போட்டுக் கூட்டைக் கலைக்கிறார். இந்திய அரசமைப்புச் சட்டம் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. 83ஆவது பிரிவின்படி மக்களவையின் ஆயுள், அது முதன்முதலாகக் கூடிய நாளிலிருந்து 5 ஆண்டுகள். அந்தக் காலம் முடிந்தால், முடிந்தது என்பதே கலைப்பாகும். எவரும் ஆணையிட வேண்டியதில்லை. இது தன்வினை. 85ஆவது பிரிவோ குடியரசுத் தலைவர் மக்களவையைக் கலைக்கலாம் என்கிறது. இது பிறவினை. மாநிலங்களவைக்குக் கலைப்பே கிடையாது. அதன் உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஓய்வு பெறுவர்.

85ஆவது பிரிவின் எழுவாய் குடியரசுத் தலைவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் தமிழ் இலக்கணம் கற்றோர் அங்கே நின்றுவிடமாட்டார்கள். கோயிலைத் தச்சன் கட்டினான் என்பதும், அரசன் கட்டினான் என்பதும் இரண்டும் சரியான வாக்கியங்களே. தச்சன் இயற்றுதல் கருத்தா; அரசன் ஏவுதல் கருத்தா. அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது பிரிவைச் சேர்த்துப் படிக்கும்போது, மக்களவையைக் கலைப்பதில் குடியரசுத் தலைவர் இயற்றுதல் கருத்தா மட்டுமே என்பது விளங்கும். ஏவுகிறவர்கள் தலைமை அமைச்சரும் அவருடைய அமைச்சரவையும். அமைச்சரவையின் அறிவுரைப்படியே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்பதை 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் வெளிப்படையாக எழுதி வைத்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் ஒரு சிறு வாசலைத் திறந்தது: அறிவுரையை ஒருமுறை மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பலாம், மீண்டும் அதே அறிவுரை வந்தால் ஏற்றாக வேண்டும்.

இவ்வளவில் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். முடியவில்லை. ஏவுகிறவருக்கு ஏவும் தகுதி எங்கிருந்து வருகிறது? அவைக்குள் பெரும்பான்மையோரின் நம்பிக்கை அவருக்கு இருப்பதிலிருந்து வருகிறது. அந்த நம்பிக்கை இல்லாத ஒருவர், நம்பிக்கை தராத அந்த அவையையே கலைத்துவிடுங்கள் என்று சொன்னால், தச்சன் என்ன செய்வது? கலைப்பு அதிகாரம் பற்றிய வழக்குகள் யாவும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே எழுந்துள்ளன.

அரசன் அழைக்க மறந்த காலம்

இவ்வதிகாரம் பிறந்த இடம் இங்கிலாந்து. அங்கே மன்றத்தைக் கூட்டுவதும் கலைப்பதும் அரசனின் உரிமை. 1629இல் முதலாம் சார்லசு மன்றத்தைக் கலைத்தான். பிறகு 1640 வரை பதினோராண்டுகள் அவன் மன்றத்தை அழைக்கவே இல்லை. இதனால் வெகுண்ட மக்களவையினர் 1641இல் தங்கள் ஒப்புதலின்றித் தங்களைக் கலைக்கக் கூடாது என்று சட்டமே செய்துகொண்டனர். அந்த மன்றம் பின்னர்த் தானாகக் கலைய மனமின்றி நீண்டுகொண்டே போனது. 1653 ஏப்பிரல் 20ஆம் நாள் கிராம்வெல் படைவீரருடன் உள்ளே புகுந்து உறுப்பினரை வெளியேற்றினார்.

இரு பாடங்கள் இதில் உள்ளன. கலைத்தவன் மீண்டும் அழைக்க வேண்டும் என்ற கட்டு இல்லாவிட்டால் கலைப்பு கொடுங்கோன்மை ஆகும். எவராலும் கலைக்க இயலாத அவையோ மக்களை மறந்துவிடும். ஆகவே கலைக்கும் அதிகாரம் வேண்டும். அதைச் செலுத்தும் கையை அழைக்கும் கடமையோடு சேர்த்துக் கட்டவும் வேண்டும். அரசனை நீக்கிக் குடியரசுத் தலைவரை அமர்த்திக்கொண்ட நாடுகள், இந்தக் கட்டை எப்படிப் போட்டன என்பதில்தான் வேறுபடுகின்றன.

செருமனி அந்தக் கட்டைத் தளர்வாக விட்டு வருந்திய நாடு. 1919ஆம் ஆண்டுச் சட்டம் குடியரசுத் தலைவருக்குக் கலைக்கும் உரிமை தந்து, ஒரே காரணத்துக்காக ஒருமுறைதான் கலைக்கலாம் என்று மட்டும் வரம்பு கட்டியது. காரணங்களுக்கா பஞ்சம்? 1932 சூனிலும் செப்டம்பரிலும், 1933 பிப்பிரவரி 1ஆம் நாளும் இண்டன்பர்க்கு மன்றத்தைக் கலைத்தார். மூன்றாம் கலைப்பு இட்லர் பதவியேற்ற இரண்டாம் நாள் நிகழ்ந்தது. அதன் விளைவை உலகமே அனுபவித்தது. 1949இல் மேற்கு செருமனி புதுச்சட்டம் எழுதியபோது, தலைமை அமைச்சர் தாமே கேட்ட நம்பிக்கை வாக்கில் தோற்றாலோ, தலைமை அமைச்சரைப் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுக்க அவையால் இயலாமற்போனாலோ அன்றிக் கலைப்பு இல்லை என்று முடிச்சுப் போட்டது. 2024 திசம்பர் 16இல் தலைமை அமைச்சர் சோல்சு நம்பிக்கை வாக்கில் தோற்றார். திசம்பர் 27இல் குடியரசுத் தலைவர் இசுடெயின்மையர் மன்றத்தைக் கலைத்தார். ஏவியவரின் தகுதி அவைக்குள்ளேயே அளந்து பார்க்கப்பட்ட பிறகு கலைப்பு வந்தது என்பது கருதத்தக்கது.

1979: அவையைக் காணாத அறிவுரை

இந்தியாவில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த ஆண்டு 1979. அவசரநிலைக்குப் பின் 1977இல் மக்கள் பேரார்வத்தோடு வாக்களித்து அமைத்தது ஆறாவது மக்களவை. அத்தேர்தலின்போது புதிதாக உருவான தொகுதிகளுள் ஒன்று இராசிபுரம் தனித்தொகுதி. கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி அதனுள் அடங்கியது. இந்த நாடுகளின் குரலும் அந்த அவையில் ஒரு பங்கு என்பதை நினைவில் கொண்டு மேலே செல்வது நன்று.

1979 சூலை 15இல் மொரார்சி தேசாய் பதவி விலகினார். சூலை 28இல் சரண்சிங் தலைமை அமைச்சரானார். அவையில் நம்பிக்கை வாக்குக் கோருமாறு குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி அவரைக் கேட்டிருந்தார். வாக்கெடுப்புக்கு உரிய நாளான ஆகசுடு 20 நெருங்கியபோது, வெளியிலிருந்து ஆதரவளிப்பதாகச் சொன்ன இந்திரா காங்கிரசு அதை விலக்கிக்கொண்டது. சரண்சிங் அவைக்குள் செல்லவே இல்லை. பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்து, மக்களவையைக் கலைக்குமாறு அறிவுரை கூறினார். சகசீவன்ராம் தமக்குப் பெரும்பான்மை உண்டு, வாய்ப்புத் தருக என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆகசுடு 22இல் மக்களவை கலைக்கப்பட்டது.

அவையின் நம்பிக்கையை ஒருநாளும் பெற்றிராத ஒருவரின் அறிவுரை அவையைக் கலைத்தது சரியா? சரி என்றோர் சொன்ன காரணம்: கட்சிகள் நாள்தோறும் சிதறிக்கொண்டிருந்த அந்த அவையிலிருந்து நிலையான ஆட்சி எதுவும் அமைந்திருக்காது, மக்களிடம் திரும்புவதே நேர்மை. தவறு என்றோர் சொன்ன காரணம்: நிலையான ஆட்சி அமையுமா என்பதை அவைக்குள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், எண்ணுமுன் கலைத்ததால், சகசீவன்ராமின் கோரிக்கை மெய்யா பொய்யா என்பது எக்காலத்துக்கும் தெரியாமற் போயிற்று.

இரு பக்கமும் நியாயம் இருப்பினும், இரண்டாவதே கனமானது. முதல் வாதம் வருங்காலத்தைப் பற்றிய ஊகம். இரண்டாவது, கையெட்டும் தொலைவில் இருந்த ஓர் உண்மையைத் தேடாமல் விட்டது பற்றிய குற்றச்சாட்டு. எண்ணிப் பார்த்தபின் கலைத்திருந்தால் அதே முடிவு வந்திருக்கலாம். ஆனால் அது ஐயத்துக்கு இடமற்ற முடிவாக இருந்திருக்கும். 1980 சனவரியில் மக்கள் மீண்டும் வாக்குச்சாவடிக்குச் சென்றார்கள். ஐந்தாண்டுக்கென அனுப்பிய அவை இரண்டரை ஆண்டுகூட நிறையாத நிலையில் ஏன் கலைந்தது என்பதற்கு அவர்களுக்கு நேரான விடையை எவரும் சொல்லவில்லை.

1991: ஒரு தமிழர், இரு கலைப்புகள்

பட்டுக்கோட்டைப் பகுதியின் இராசாமடத்தில் பிறந்த ரா. வெங்கட்ராமன் 1987 முதல் 1992 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். 1991இல் ஆறே வார இடைவெளியில் இரு கலைப்பு ஆணைகள் அவர் கையெழுத்தோடு வெளிவந்தன.

பின்னதை முதலில் காணலாம். காங்கிரசின் வெளி ஆதரவால் ஆண்டுவந்த சந்திரசேகர் மார்ச்சு 6இல் பதவி விலகி, மக்களவையைக் கலைக்க அறிவுரை கூறினார். மாற்று ஆட்சி அமைக்க முன்வந்தோர் எவருமில்லை. மார்ச்சு 13இல் அவை கலைந்தது. ஏவியவர் வலுவற்றவர்தாம், ஆயினும் வேறு வழி இல்லை என்பது ஊரறிந்த உண்மையாக இருந்தது. அதனால் அக்கலைப்பு பெரிய வழக்காகவில்லை.

முன்னது அப்படிப்பட்டதன்று. சனவரி 30இல், சட்டமன்றத்தில் பெரும்பான்மை கொண்டிருந்த தி.மு.க. ஆட்சி 356ஆவது பிரிவின்படி நீக்கப்பட்டு, தமிழகச் சட்டமன்றமும் கலைக்கப்பட்டது. ஆளுநர் சுர்சித்சிங் பர்னாலா அதற்கான அறிக்கையை அனுப்பவில்லை. ஆளுநரின் அறிக்கை கிடைத்தோ பிறவாறோ என்று அப்பிரிவில் உள்ள ‘பிறவாறோ’ என்னும் ஒரு சொல்லே போதுமான வாசலாயிற்று. பாவலர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்: ஒரு சட்டமன்றத்தின் ஆயுள் ஒரு சொல்லில் தொங்கியது. தமிழகம் இதனை முன்பும் கண்டதுண்டு. 1976 சனவரி 31இல் தி.மு.க. ஆட்சியும், 1980 பிப்பிரவரி 17இல் அ.இ.அ.தி.மு.க. ஆட்சியும், 1988 சனவரி 30இல் சானகி இராமச்சந்திரன் ஆட்சியும் இப்படியே வீழ்ந்தன.

இதற்கு முடிவுகட்டியது 1994 மார்ச்சு 11இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் வழங்கிய எசு.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பு. 356ஆவது பிரிவின்படி ஆட்சியை எடுத்துக்கொண்டாலும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அதற்கு ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தை முடக்கி வைக்கலாமேயன்றிக் கலைக்கலாகாது; பெரும்பான்மையை அளக்கும் இடம் ஆளுநர் மாளிகை அன்று, சட்டமன்றமே என்று அத்தீர்ப்பு வரையறுத்தது. முடங்கிய அவையை மீண்டும் எழுப்பலாம். கலைந்ததை எழுப்புவது அரிது என்பதே அதன் உட்பொருள். 2005 மே 23இல் கலைக்கப்பட்ட பீகார் சட்டமன்ற வழக்கில் இது மெய்யாயிற்று. அக்கலைப்பு சட்டத்துக்கு மாறானது என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ஆயினும் தேர்தல் நடைமுறைகள் தொடங்கிவிட்டமையால் பழைய அவைக்கு உயிர் கொடுக்கவில்லை. வழக்கில் வென்றும் அவையை இழந்தனர்.

கலைப்பின் விலை

1996, 1998, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மக்களவைத் தேர்தல் நடந்தது. நான்காண்டுகளுக்குள் மூன்று முறை வாக்குப்பெட்டிகள் இம்மலைக்கு ஏறி இறங்கின. இடையில் நிகழ்ந்த இரு கலைப்புகளுக்கும் தமிழகக் கட்சிகளே மையமாக இருந்தன என்பது வரலாறு. செயின் ஆணைய அறிக்கையை முன்னிட்டுத் தி.மு.க. அமைச்சர்களை விலக்கக் கோரிய காங்கிரசு, 1997 நவம்பரில் குசரால் ஆட்சிக்கு அளித்த ஆதரவை விலக்கியது. திசம்பர் 4இல் அவை கலைந்தது. 1999 ஏப்பிரலில் அ.இ.அ.தி.மு.க. ஆதரவை விலக்கியபின், ஏப்பிரல் 17இல் வாச்பாய் அரசு 269க்கு 270 என ஒரே வாக்கில் தோற்றது.

அப்போது குடியரசுத் தலைவராக இருந்தவர் கே.ஆர். நாராயணன். அவர் உடனே கலைக்கவில்லை. மாற்று ஆட்சிக்கு உரிமை கோரியவரைத் தம் ஆதரவைக் காட்டுமாறு கேட்டு, அது கைகூடவில்லை என்று தெளிந்தபின், ஏப்பிரல் 26இல் கலைத்தார். முன்னதாக 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் 356ஆவது பிரிவைச் செலுத்துமாறு வந்த அறிவுரையை அமைச்சரவைக்கே அவர் திருப்பி அனுப்பியதும், அமைச்சரவை அதைக் கைவிட்டதும் நினைக்கத்தக்கவை. 44ஆவது திருத்தம் திறந்த சிறுவாசல் வெறும் அலங்காரம் அன்று என்பதை அவர் மெய்ப்பித்தார். இயற்றுதல் கருத்தாவுக்கும் நிதானம் என்றொரு கடமை உண்டு. அடிக்கல்லைத் தட்டிப் பார்க்காமல் கட்டும் தச்சன் நல்ல தச்சன் அல்லன்.

கலைப்பின் விலை தேர்தல் செலவு மட்டும் அன்று. மக்களவையில் நிலுவையில் இருக்கும் சட்ட முன்வரைவுகள் அதன் கலைப்போடு காலாவதி ஆகும் என்பது 107ஆவது பிரிவின் விதி. மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் முன்வரைவு 1996 செப்டம்பர் 12இல் மக்களவையில் வைக்கப்பட்டது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய தனித்தொகுதிகளிலும் மகளிர்க்குப் பங்கு தந்த முன்வரைவு அது. 1997ஆம் ஆண்டுக் கலைப்பில் அது மடிந்தது. 1998இல் மீண்டும் வைக்கப்பட்டது; 1999ஆம் ஆண்டுக் கலைப்பில் மறுபடி மடிந்தது. 2023இல்தான் 106ஆவது திருத்தமாக நிறைவேறியது. காலத்தாழ்வுக்குக் கலைப்பு மட்டுமே காரணம் எனச் சொல்லவியலாது, மனமின்மையும் காரணம். ஆனால் மனமில்லாதவர்க்குக் கலைப்பு நல்லதொரு திரையாயிற்று. அவை கலைகையில் குற்றமுள்ளவரும் குற்றமற்றவரும் ஒன்றாகவே வீடு திரும்புகின்றனர். நல்ல முன்வரைவும் தீய முன்வரைவும் ஒன்றாகவே மடிகின்றன.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இங்கே ஒப்பிடத்தக்கவை. முதலாம் பராந்தகன் காலத்து, பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை அவை. குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்ட வாரியத்தாருக்கு 360 நாள் தவணை என்றும், தவறு கண்டபோது தவறு செய்தவரை நீக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. அது எல்லோருக்கும் இடமளித்த சபை அன்று. அந்தணர் ஊர்ச் சபை. எனினும் ஒருவரின் பிழைக்காக வாரியம் முழுவதையும் கலைக்காமல், பிழைத்தவரை மட்டும் நீக்கிய முறை நுட்பமானது.

2018: சம்பந்தன் வழக்கு

கடல் கடந்தும் ஒரு வழக்கைக் காண வேண்டும். ஒரு தமிழர் பெயரால் அது வழங்குகிறது. இலங்கை முழுமையான நாடாளுமன்றக் குடியரசு அன்று. மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் நிறைவேற்று அதிகாரக் குடியரசுத் தலைவர் அங்கு உண்டு. 1978ஆம் ஆண்டு யாப்பின்படி, பொதுத்தேர்தல் முடிந்து ஓராண்டு கழிந்தால் அவர் தம் விருப்பப்படி நாடாளுமன்றத்தைக் கலைக்கலாம். 2004 பிப்பிரவரியில் சந்திரிகா குமாரதுங்க, எதிர்க்கட்சியின் பிடியில் இருந்த நாடாளுமன்றத்தை அவ்வாறே கலைத்தார். ஏவுவோரும் இயற்றுவோரும் ஒருவரே ஆன நிலை அது.

2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் இதனை மாற்றியது. முதல் அமர்விலிருந்து நான்கரை ஆண்டு கழியும்வரை கலைக்கலாகாது. அதற்கு முன் கலைக்க வேண்டுமெனில் நாடாளுமன்றமே மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினரின் தீர்மானத்தால் கேட்க வேண்டும். அதாவது, ஏவுதல் கருத்தா நாடாளுமன்றமே என்று சட்டம் எழுதி வைத்தது.

2018 அக்டோபர் 26இல் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன, தலைமை அமைச்சர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராசபட்சவை அமர்த்தினார். மறுநாள் நாடாளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது. புதியவருக்குப் பெரும்பான்மை கூடவில்லை. நவம்பர் 9ஆம் நாள் இரவு, நான்கரை ஆண்டு நிறைய ஓராண்டுக்கும் மேலிருந்த நிலையில், நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. தேர்தல் நாளும் குறிக்கப்பட்டது.

அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த இரா. சம்பந்தன் உள்ளிட்ட பலர் உச்ச நீதிமன்றத்தை நாடினர். நவம்பர் 13இல் இடைக்காலத் தடை கிடைத்தது. மறுநாளே நாடாளுமன்றம் கூடியது. அரசின் தரப்பு, யாப்பின் 33ஆவது பிரிவு கூட்டவும் ஒத்திவைக்கவும் கலைக்கவும் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் தருகிறது, அதற்கு வரம்பில்லை என்று வாதிட்டது. தலைமை நீதிபதி நளின் பெரேராவை உள்ளிட்ட ஏழு நீதிபதிகள் திசம்பர் 13இல் ஒருமனதாக அதை மறுத்தனர். 33ஆவது பிரிவை 70ஆவது பிரிவின் வரம்போடு சேர்த்தே படிக்க வேண்டும். அரசர்க்கு உரியதாக இருந்த வரம்பற்ற அதிகாரம் எதுவும் குடியரசுத் தலைவரிடம் எஞ்சி நிற்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஒரு வாக்கியத்தைத் தனியே பிடுங்கிப் பொருள் கொள்ளாதே, இயைத்துப் பொருள் கொள் என்று உரையாசிரியர்கள் காலங்காலமாகச் சொல்லி வந்ததும் இதுவே.

நாடாளுமன்றத்தில் தம் மக்களுக்கு வேண்டியதைப் பெற முடியாமல் வாழ்நாளெல்லாம் போராடியவர் சம்பந்தன். அந்த நாடாளுமன்றத்தின் உயிருக்காக வழக்காடியவரும் அவரே. 2024 சூன் 30இல் அவர் மறைந்தார். தமக்கு நியாயம் தராத அவையையும், முறைதவறிக் கலைக்க விடக்கூடாது என்று சிறுபான்மை மக்களின் தலைவர் ஒருவர் எண்ணியது ஏன்? அவை இருந்தால் கேட்கலாம். அவையே இல்லையென்றால் கேட்க இடமில்லை. எண்ணிக்கையில் சிறியோருக்கு அவை என்பது பேசக் கிடைக்கும் ஒரே மேடை. இது இம்மலைக்கும் பொருந்தும்.

பின்னர் அங்கே அந்தக் கட்டு ஓரளவு தளர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டின் 20ஆவது திருத்தம் நான்கரை ஆண்டை இரண்டரை ஆண்டாகக் குறைத்தது. 2022ஆம் ஆண்டின் 21ஆவது திருத்தமும் அதை அப்படியே விட்டது. நேபாளத்திலும் 2020 திசம்பரிலும் 2021 மே மாதத்திலும் தலைமை அமைச்சர் ஒளியின் அறிவுரைப்படி குடியரசுத் தலைவர் கலைத்த அவையை, உச்ச நீதிமன்றம் இருமுறையும் மீட்டது. கலைப்பை நீதிமன்றம் தொடலாகாது என்ற பழைய எண்ணம் தெற்காசியாவில் உடைந்துவிட்டது.

ஊராட்சியிலிருந்து ஒரு பாடம்

இறுதியாக, தேவனூர் நாட்டுக்கே திரும்பலாம். அரசமைப்புச் சட்டத்தின் 243ஈ பிரிவு ஊராட்சிகளைப் பற்றியது. ஊராட்சி கலைக்கப்பட்டால் 6 மாதத்துக்குள் தேர்தல் முடிந்தாக வேண்டும். புதிய ஊராட்சி எஞ்சிய காலத்துக்கு மட்டுமே நீடிக்கும். கலைக்கப்பட்ட மக்களவைக்கோ இப்படி மாதக்கணக்கில் ஒரு கெடு எழுதப்படவில்லை. புதிய அவைக்கு முழு ஐந்தாண்டு உண்டு. 2002இல் குசராத்துச் சட்டமன்றம் கலைந்தபோது, அவைக் கூட்டங்களுக்கிடையே 6 மாதத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்னும் விதி உயிரோடிருக்கும் அவைக்கே உரியது, கலைந்த அவைக்கு அன்று என்று உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. அழைக்கும் கையைச் சட்டம் இறுக்கமாகக் கட்டியிருப்பது சிற்றூரில்தான்.

எழுத்தில் உள்ள கட்டும் நடைமுறையில் தளர்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தமிழக ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2016இல் முடிந்தபின், நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் 2019 திசம்பரில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட மூன்றாண்டும் தனி அலுவலர் ஆட்சி. 2025 சனவரியில் காலம் முடிந்தபோதும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். கலைத்தவர் எவருமில்லை, அழைத்தவரும் இல்லை. சார்லசு மன்னன் செய்ததற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு.

எஞ்சிய காலத்துக்கு மட்டும் என்னும் ஊராட்சி விதியை மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் நீட்டுவதே, 2024 திசம்பர் 17இல் மக்களவையில் வைக்கப்பட்டுக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்ட 129ஆவது திருத்த முன்வரைவின் நோக்கங்களுள் ஒன்று. தேர்தல்கள் ஒரே காலத்தில் நடக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஊராட்சியின் விதியை எடுத்துக்கொள்வோர் அதன் இரு பாதிகளையும் எடுக்க வேண்டும். எஞ்சிய காலம் என்னும் பாதியை மட்டும் எடுத்து, குறித்த மாதத்துக்குள் அழைத்தாக வேண்டும் என்னும் பாதியை விட்டுவிட்டால், மக்களின் வாக்கு குறுகும். ஆள்வோரின் கடமை குறுகாது என்பதற்கு உறுதி இராது.

வல்வில் ஓரி ஆண்ட மலை இது. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது சங்கச் செய்யுள்கள் தரும் வரலாறு. மலையை எடுத்தவர் உண்டு, கொடுத்தவர் உண்டு, பெற்றவர் உண்டு. மலைமக்களைக் கேட்டதாக ஒரு வரியும் இல்லை. கேட்கும் வழக்கம் இம்மலைக்கு வந்தது நம் பாட்டன் பாட்டி காலத்தில்தான். ஆகவே கலைப்பு ஆணை ஒன்று வெளிவரும்போது கட்சிக்கு இலாபமா நட்டமா என்று கணக்கிடுவதோடு நின்றுவிடாமல், மூன்று கேள்விகளை எழுப்புவது குடிமக்களின் கடமை. ஏவியவர் யார்? அவர் அவையின் நம்பிக்கையை உடையவரா? மீண்டும் அழைக்கும் நாள் எது? மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால் அது மக்களிடம் திரும்பும் வழி. ஒன்றுக்கேனும் விடை இல்லையென்றால், மக்கள் கொடுத்ததை மக்களைக் கேளாமல் எடுத்துக்கொண்ட செயல் அது.

இவ்வட்டம் பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடி, கலைந்து, மீண்டும் கூடி வருகிறது. அடுத்த கூட்டத்தின் நாளைக் குறிக்காமல் எந்தக் கூட்டமும் இங்குக் கலைந்ததில்லை என்பது இதன் பெருமை. அந்த நல்வழக்கம் தொடர்க, வட்டம் வளர்க, தமிழ் வாழ்க.